மீட்டருக்குப் பின்னால் போன கை

சித்திரையில், ஐந்தாம் வகுப்புவரை ஒன்றாகப் படித்த நாம் எல்லோரும் அரிமளத்தில் கூடினோம் அல்லவா, அன்று பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த உங்களில் ஒருவர், பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இஞ்சினை ஜாம் பண்ணின ஒங்க சித்தப்பா இப்ப எங்கிட்டு இருக்காரு?"

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியும் அந்தச் சிரிப்பு வாயில் கசந்துகொண்டே இருந்தது.

கேட்டவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறையில் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை அதுதான். அந்தக் கதை பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நம் வகுப்பில் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நமக்கெல்லாம் முட்டி வலியும் சர்க்கரையும் வந்துவிட்டன. இனியும் வைத்திருந்தால் சொல்ல ஆள் இருக்காது. அதனால் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு வெள்ளைக் கார் உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் ஒன்பது பேர் ஒரே சமயத்தில் அதற்குள் அடைந்துகொண்டு குடுமியான்மலைக்குப் போனோம். கல்வெட்டைப் பார்த்ததைவிடக் கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கியதுதான் அதிகம். அப்பா அதை வேறொருவரிடமிருந்து வாங்கி வாடகைக்கு ஓட்டினார். முன் சீட் ஒரே பெஞ்சு. கியர்க் குச்சி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் ரெக்சின் வாடையும் பெட்ரோல் வாடையும், நேற்றைய கல்யாணக் கூட்டம் விட்டுப்போன கதம்பத்தின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். அம்மாவுக்குக் குமட்டும்.

மீட்டர் பலகையில் ஓரமாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மிளகுப் பிரமாணம்தான் இருக்கும். அந்த வைகாசியில் அது எரியத் தொடங்கியது.

முதலில் எப்போதாவதுதான் எரிந்தது. வெயிலில் நெடுந்தூரம் ஓடிவிட்டு ரயில்வே கேட்டில் நிற்கும்போது மினுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் எரிந்தது. இஞ்சினுக்குள் யாரோ ஸ்பூனால் தட்டுவதுபோல ஒரு டக்டக் சத்தமும் சேர்ந்துகொண்டது. அப்பா பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். ஆயில் சரியான அளவில் இருந்தது.

"ஆயில்தான் நெறைய இருக்கே. அப்பறம் எதுக்கு இந்தச் சனியன் எரியுது?" என்றார்.

புதுக்கோட்டை மெக்கானிக்கிடம் போகும்போது நானும் கூடப் போனேன். அவர் இஞ்சினை ஓடவிட்டு, ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை இஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்கு டாக்டரை நினைவுபடுத்தியது.

"ஆயில் இருந்தா மட்டும் போதாதுங்க. அது அடியில கெடக்கு. அத மேல தூக்கிவிடுறது பம்ப்பு. பம்ப்புப் பல்லு தேஞ்சிருக்கும்னு தோணுது. அடியில இருக்க சம்ப்புத் தொட்டிய எறக்கிப் பாத்தாத்தான் தெரியும். மூணு நாளு வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்.

"வேற ஏதும் இருக்காதா?"

"இருக்கலாம். லைட்டுக்குப் போற சுவிட்சே கெட்டுப் போயிருந்தாலும் இப்படி எரியும். ஆனா எனக்கென்னமோ பம்ப்புத்தான்னு படுது."

அப்பா அந்த இரண்டாவது காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வைகாசியில் நல்ல முகூர்த்தங்கள் வரிசையாக இருந்தன. ஊரில் அப்போது இருந்தவை இரண்டே வாடகைக் கார்கள். மூன்று நாள் வண்டி நின்றால், பெண்ணழைப்புக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் சொல்லிவைத்திருந்தவர்கள் எல்லாம் அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். சுவிட்சை மட்டும் மாற்றச் சொன்னார். மெக்கானிக் மாற்றிக்கொடுத்தார். திருமயம் சாலையில் திரும்பி வரும்போதே விளக்கு மறுபடி எரிந்தது.

அதற்குள் வண்டியில் ஏறுகிறவர்களும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர், "செவப்பு எரிஞ்சா தீப்பிடிச்சிரும்பாங்களே" என்று நடுவழியில் இறங்கி, பின்னால் வந்த மாட்டுவண்டியில் ஏறிப் போனார். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வாசலில் கார் நின்றிருந்தது. அப்பா முன் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, மீட்டர் பலகைக்குக் கீழே கையை விட்டுக்கொண்டிருந்தார். கை போகவில்லை. புறங்கையெல்லாம் தகரம் கீறிச் சிவந்திருந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, ஒன் கை போகுமா பாரு" என்றார்.

போனது. ஒயர்களுக்கு நடுவே தடவிக்கொண்டே போய், அவர் சொன்னபடி இடப்பக்க ஓரத்தில் ரப்பர் பிடி ஒன்றைத் தொட்டேன். "அதத் திருகாத. நேரா இழு" என்றார். இழுத்தேன். சின்னக் குப்பி ஒன்று பிடியோடு வந்தது. அப்பா பிடியிலிருந்து அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவுகூட இல்லாத பல்பு. அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் டக்டக்கென்று ஓடியது. சிவப்பு எரியவில்லை.

"அம்புட்டுத்தான். முகூர்த்தம் முடியட்டும், வண்டிய மெக்கானிக்கிட்ட விட்டுருவோம். யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவால் முடியாததை நான் செய்திருந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு ரகசியம் இருந்தது. அந்தப் பல்பை ஜியாமெட்ரி பெட்டிக்குள், காம்பசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உங்களில் இரண்டு பேருக்கு அதைக் காட்டியும் இருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. கண் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து, காலையில் இமை பிரிக்க முடியாமல் வெந்நீர்த் துணி வைத்து ஒற்றிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடிய அவரைப் பார்த்து நானும் அம்மாவும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த தெருவிலிருந்து வண்டிக்கு ஆள் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சவுதியில் வேலை கிடைத்திருந்தது. திருச்சியில் சாயங்கால ரயில் பிடித்து, மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய் போய், விமானம் ஏற வேண்டும். நம் தெருக்களிலிருந்து சவுதிக்குப் போகிறவர்களில் அவர் இரண்டாவதோ மூன்றாவதோ. ஊரே வழியனுப்ப வந்தது.

சித்தப்பா ஓட்டுவதாக ஏற்பாடாயிற்று. அவர் அப்பாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அதுவரை டிராக்டர்தான் ஓட்டியிருந்தார். கார் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, சாவியை வாங்க அப்பாவிடம் வந்து நின்றார்.

"வண்டில ஏதும் பாத்துக்கணுமாண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஆயில் பாத்துட்டேன், தண்ணி பாத்துட்டேன். போயிட்டு வா."

"இந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா நிறுத்திரணும்தானே?"

அப்பா கண்ணில் துணியை வைத்து ஒற்றியபடி, "ம்" என்றார்.

அந்த "ம்" என் காதில் விழுந்தது. மறந்துபோய் அப்படிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சித்தப்பா, பல்பு என்கிட்ட இருக்கு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். யாருகிட்டயும் சொல்லாத என்று அப்பா சொல்லியிருந்தார். அவரே எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லுவார் என்று இருந்தேன்.

அழுது, திருநீறு பூசி, கிளம்பவே தாமதமாகிவிட்டது. மேலே கேரியரில் பெட்டிகள், உள்ளே ஆறு பேர். ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று சித்தப்பா விரட்டியிருக்கிறார். கீரனூர் தாண்டியதும் வண்டி கடகடவென்று அதிர்ந்து, இரும்பை இரும்பு கவ்வுகிற சத்தத்தோடு நின்றுவிட்டது. பிறகு அசையவில்லை. அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏறப் பெட்டிகளோடு இடமில்லை. கடைசியில் ஒரு லாரியில் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. விமானமும் தவறியது. பம்பாயில் இருந்த ஏஜெண்டு அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். புதுச் சட்டையெல்லாம் கிரீஸ். அதற்குள் சேதி ஊருக்குள் வந்திருந்தது. வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

"லைட்டு எரிஞ்சிருக்குமேப்பா? பாக்கலயா நீயி?" என்றார் ஒருவர்.

"எரியல மாமா. சத்தியமா எரியல. நான் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

"எரியாம எப்புடிய்யா இருக்கும்? வேகத்துல பாத்திருக்க மாட்ட."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்தார். "நடந்தது நடந்துருச்சு, விடுங்க" என்று மட்டும் சொன்னார். கேட்டவர்களுக்கு அது தம்பியை மன்னித்துவிட்ட அண்ணனின் பேச்சாகப் பட்டது. "தங்கமான மனுசன்" என்று ஒருவர் சொன்னதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள், "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று சித்தப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அதன்பின் பல நாள் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போய்விடுவாள். அம்மா அப்படிப்பட்டவள் இல்லை.

வண்டியை லாரியில் கட்டி இழுத்துப் புதுக்கோட்டை ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேலை பதினைந்து நாளுக்குமேல் இழுத்தது. சித்தப்பா தினமும் காலைப் பஸ்ஸில் போய் மெக்கானிக்கோடு சேர்ந்து வேலை செய்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்குக் கண் சரியான பிறகு, அவரோடு சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு நானும் இரண்டு மூன்று தடவை போனேன்.

முதல் தடவை போனபோது இஞ்சினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்கள். அடித்தொட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்கள். சித்தப்பா அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையை பிளேடால் பொறுமையாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பழைய பம்ப்பைப் பிரித்து அப்பாவிடம் காட்டினார். உள்ளே இரண்டு பல் சக்கரங்கள். பல் முனைகள் மழுங்கி, அவை உட்காரும் குழியின் சுவரில் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் முனையிலிருந்த வலை, கறுப்புக் களிம்பு அப்பிப் பாதி அடைந்திருந்தது. பேரிங்குகளை வரிசையாக ஒரு செய்தித்தாளில் வைத்திருந்தார். வெள்ளியாக இருக்க வேண்டியவை நீலம் பாரித்துக் கிழிந்திருந்தன.

"இது ஒரு நாள்ல ஆனதில்லிங்க. ரொம்ப நாளாவே பம்ப்பு தூக்கியிருக்காது. கடைசி அரைமணி நேரம் சொட்டு ஆயில் இல்லாம ஓடியிருக்கு" என்றார் மெக்கானிக். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, குரலைத் தணித்து, "இந்த நெலமைல லைட்டு எரியாம இருக்காது தம்பி. பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிரு. அதுல ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்ட" என்றார்.

சித்தப்பா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "எரியலண்ணே" என்றார். எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருந்தாரோ, அந்தச் சொல்லில் உயிரே இல்லை.

இஞ்சினின் கிராங்க் தண்டை லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்கி, புதுப் பேரிங்குகள் போட்டார்கள். புதுப் பம்ப்பு, புது வலை, புது ஸ்பிரிங், எல்லாம் திருச்சியிலிருந்து வந்தன. பம்ப்பை மாட்டுவதற்கு முன் மெக்கானிக் அதற்குள் ஆயிலை ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றச் சொன்னார். சித்தப்பா சுற்றச் சுற்ற, மறுபக்கத் துளையில் தேன் மாதிரி ஆயில் வந்து எட்டிப் பார்த்தது. "வறண்ட பம்ப்ப மாட்டக் கூடாது. முதல் சுத்துலயே உறிஞ்ச ஏதாச்சும் வேணும் அதுக்கு" என்று மெக்கானிக் சொன்னார். சித்தப்பா முகத்தில் அந்தப் பதினைந்து நாளில் ஒரே ஒருமுறை நான் பார்த்த சிரிப்பு அப்போதுதான் வந்தது.

கடைசி நாள். எல்லாம் பூட்டி, ஆயில் ஊற்றியாகிவிட்டது. அப்பா ஷெட்டுக்கு வெளியே டீ கிளாசோடு நின்றிருந்தார். மெக்கானிக் பானட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்: "சாவியப் போடு தம்பி. ஸ்டார்ட் பண்ணாத. மொதல்ல லைட்டு எரியுதான்னு பாரு. சாவி போட்டா எரியணும், இஞ்சின் ஓடினா அணையணும். அப்பத்தான் பம்ப்பு தூக்குதுன்னு அர்த்தம்."

சித்தப்பா சாவியைத் திருப்பினார். "எரியல" என்றார்.

"சுவிட்சு நான் போன மாசம் போட்டது. பல்பு போயிருக்கும். பின்னாடி கையவிட்டுப் பாரு."

சித்தப்பாவின் கை முழங்கைவரைகூடப் போகவில்லை. நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, ஒன் கை போகுமா பாரு."

அதே வார்த்தைகள். நான் கையை விட்டேன். அப்போது நாம் இருந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியும். ஆனால் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாத இடத்தில் தேடுகிற கை தடவித் தடவிப் போகும். என் கை ஒயர்களை விலக்கிக்கொண்டு நேராக இடப்பக்க ஓரத்துக்குப் போய் அந்தப் பிடியைத் தொட்டு நின்றது. கீழே குனிந்து, என் கை போன போக்கைச் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்பு இருக்கா?"

"இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு ஒன்றைப் போட்டு முடித்துவிட்டு விடையைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி, கண்ணாடி வழியாக வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். டீயைக் குடிக்கவில்லை. கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் கேட்டார்: "என்ன தம்பி, பல்பே இல்லையா? யாரு கழட்டினது?"

அந்த இடத்தில் சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊருக்கு முன்னால் செய்த சத்தியமெல்லாம் மெய்யென்று ஆகியிருக்கும்.

"தெரியலண்ணே. லாரில கட்டி இழுத்தாந்தப்ப எங்கயாச்சும் விழுந்திருக்கும்" என்றார் சித்தப்பா. தானே எழுந்து போய், பக்கத்துக் கடையில் ஒரு பல்பு வாங்கிக்கொண்டு வந்தார். என் கையால்தான் அதையும் மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது. இஞ்சின் ஓடியதும் இரண்டு மூச்சு நேரம் இருந்துவிட்டு அணைந்தது. மெக்கானிக் கையைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "நானே அவன்கிட்டச் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத" என்றார். சரியென்று தலையாட்டினேன். ஜியாமெட்ரி பெட்டியிலிருந்த பல்பைக் கொண்டுபோய் ஊருணியில் எறிந்தேன். அத்தனை சின்னதைத் தண்ணீரில் எறிந்தால் சத்தம்கூட வருவதில்லை.

அப்பா சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா, "நான் கறம்பக்குடிப் பக்கம் போறேண்ணே. ரைஸ் மில்லுல வேலை இருக்காம்" என்றார். அப்பா "சரி" என்றார். அம்மா ஒரு டப்பாவில் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். அவர் ஊரில் இருந்திருந்தாலும் அவர் ஓட்டும் காரில் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் டிராக்டர் ஓட்டக்கூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே தங்கிவிட்டார். நல்லது கெட்டதுக்கு வருவார், பந்தியில் சாப்பிடுவார், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கார் அதன் பிறகு பத்து வருடத்துக்குமேல் ஓடியது. அந்தப் பம்ப்பு ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் படிப்புக்காகவும் கல்யாணத்துக்காகவும் ராப்பகலாக ஸ்டியரிங் பிடித்தவர். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை, பிறகு அவர் செய்த எந்த நல்லதாலும் அழிக்க முடியவில்லை. என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதையும்தான்.

பந்தியில் சிரித்துவிட்டு வந்த அடுத்த வாரம், கறம்பக்குடிக்குப் போனேன். சித்தப்பா இளைத்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். சித்தி காபி போட உள்ளே போனதும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல்பு, ஜியாமெட்ரி பெட்டி, அந்த "ம்", எல்லாம். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எனக்குத்தான் தெரியுமே பாப்பா" என்றார்.

"அப்ப ஏன் சித்தப்பா சொல்லல?"

"அவரு சொல்லுவாருன்னு இருந்தேன். அவரு சொல்லாதத நான் எப்புடிச் சொல்றது? அண்ணனக் காட்டிக் குடுத்தமாதிரி ஆகாது?" பிறகு, "ஒங்கப்பா சாகுறதுக்கு ரெண்டு மாசம் முந்தி இங்க வந்தாரு, தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

"தனியா வந்தாரு. இங்கதான், நீ ஒக்காந்திருக்க எடத்துல ஒக்காந்தாரு. காபி குடிச்சாரு. கேணித் தண்ணி நல்லாருக்குன்னாரு. எம்பேத்தி படிப்பப் பத்திக் கேட்டாரு. எதோ சொல்ல வாயெடுப்பாரு, அப்பறம் கேணித் தண்ணின்னு பேசுவாரு. எனக்குப் புரிஞ்சது. நானாச்சும் 'விடுங்கண்ணே, எனக்குத் தெரியும்'னு சொல்லிருக்கலாம். சொல்லல. அவரு வாயால வரட்டும்னு ஒரு வீம்பு. பஸ் ஏத்திவிட்டேன். பாத்துப் போங்கன்னேன். அம்புட்டுத்தான்."

சித்தி காபியோடு வந்தாள். அவர் பேச்சை நிறுத்தினார். நான் கிளம்பும்போது கேட்டார்: "எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்லிருக்க. தெரியாதவன் ஒருத்தன் அங்க இருக்கானே. அவன்கிட்டச் சொன்னியா?"

சவுதிக்குப் போக முடியாமல் போனவரைச் சொன்னார். உங்களுக்கும் அவரைத் தெரியும். நம் சைக்கிளுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டியவர். பிறகு அவருக்கு வேறு விசா வாய்க்கவில்லை. அதே கடையில் இப்போது மோட்டார் சைக்கிள் டியூப்களுக்கு ஒட்டுப் போடுகிறார். எத்தனையோ தடவை அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவருக்கும் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என் குற்ற உணர்ச்சியெல்லாம் சித்தப்பாவோடு நின்றுவிட்டது.

போனேன். ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கியபடியே இருந்தார். குமிழ் வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப, லைட்டு எரியல" என்றார்.

"எரியலண்ணே."

"நான் அவர அறைஞ்சுட்டேனே, தங்கச்சி." டியூபை விட்டுவிட்டு, ஈரக் கையோடு எழுந்து நின்றார். "கீரனூர் ரோட்டுல, லாரிக்காரன், பஸ்ஸ நிறுத்திப் பாத்தவங்க, எல்லாருக்கும் முன்னாடி. எரியலன்னு சத்தியம் பண்ணினாரு. பொய் வேற சொல்றியாடான்னு ஓங்கி அறைஞ்சேன். அந்த மனுசன் திருப்பிக் கையத் தூக்கல. என் பெட்டியத் தலையில வச்சு லாரில ஏத்திவிட்டாரு."

சித்தப்பா இதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரு எட்டு போய் அவரப் பாருங்கண்ணே" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு" என்றார். டியூபை எடுத்து மறுபடி தண்ணீருக்குள் அமுக்கினார். எழுபதைத் தாண்டிய ஒருவர்மேல் என் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேனே என்று நான் வீட்டில் உட்கார்ந்து புழுங்கினேன். சொல்லாமல் இருந்ததும் தப்பு, சொன்னதும் தப்பு என்று தோன்றியது.

பன்னிரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. அவராகக் கூப்பிடுவதில்லை.

"அவன் வந்திருக்கான் பாப்பா."

"என்ன சொன்னாரு?"

"வாசப்படி ஏற மாட்டேன்னுட்டான். வெயில்ல நின்னபடியே, 'அன்னைக்கி ஒங்கள அடிச்சுட்டேன், நீங்க பொய் சொல்லலண்ணே'ன்னான். அதச் சொன்னப்பறந்தான் செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. சாப்பிட்டியான்னு கேட்டேன். ஒங்க சித்தி தோசை ஊத்துறா, தின்னுக்கிட்டிருக்கான்." தோசைக்கல் சுரீரென்பது போனில் கேட்டது. பிறகு, "ஒரே ஒரு வார்த்தைதான் பாப்பா. எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார். அவர் கேட்டது அந்தப் பஞ்சர்க் கடைக்காரரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

போனை வைத்தபின் அப்பாவின் அந்தப் பயணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். நடக்கவே தடுமாறிய காலம் அது. வாசல்வரை போவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வார். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறார். அரிமளத்திலிருந்து கறம்பக்குடிக்குப் புதுக்கோட்டையில் மாறித்தான் போக வேண்டும். அம்மா வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து, ஒருவரிடமும் சொல்லாமல், மாறி ஏறி, வழி கேட்டு, அந்த வீடுவரை போய், அந்த நாற்காலிவரை போய் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.